இடக்கைத் துளைகள்

லாரியிலிருந்து இறக்கிய இரண்டு பொட்டலங்களையும் பட்டறையின் நடுவில் வைத்துக் கம்பளியைப் பிரித்தபோது முதலில் வாயைத் திறந்தவர் குழாய்க்காரர்தான்.

"அடப் பாவிங்களா! பின்னங்கால் ரெண்டையும் வழியில எங்கயோ உதிர்த்துட்டு வந்திருக்கீங்களே!"

சுமந்து வந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களில் ஒருவர் நிஜமாகவே ஓடிப்போய் லாரிக்குள் ஏறித் தேட ஆரம்பித்துவிட்டார். சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யோவ், இறங்குய்யா. ஒண்ணும் உதிரல. இந்த நாற்காலிக்குப் பின்னங்காலே கிடையாது."

"பின்னங்கால் இல்லாம எப்படிங்க நிக்கும்?"

"அதான் நிக்குதே, பாரேன்."

நின்றுகொண்டுதான் இருந்தது. இரண்டுமே நின்றன. ஒரே ஒரு இரும்புக் குழாய், கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். தரையோடு படுத்து முன்பக்கம் வந்து, அங்கே வளைந்து எழுந்து, முழங்கால் உயரத்தில் மறுபடி வளைந்து பின்னால் போய், அங்கிருந்து முதுகாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மேலே குறுக்கே திரும்பி, வந்த வழியே மறுபக்கம் இறங்கி, தரையில் தன்னோடு தானே சேர்ந்துகொண்டது. உட்காரும் இடத்துக்கு ஒரு தோல் மெத்தை, முதுகுக்கு ஒன்று. இரண்டையும் குழாயின்மேல் மடித்து, அடியில் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருந்தது. தோல் கரும்பழுப்பு. முன்விளிம்பு மட்டும் எத்தனையோ பேருடைய தொடை பட்டுப் பட்டுக் கறுத்து மின்னியது.

குழாய்க்காரர் குந்தி உட்கார்ந்து, குழாயை விரலால் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தார். முப்பது வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் அலுவலக மேசைக்கும் குழாய் வளைத்தவர். மூலையில் வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழாமல் இருக்காது என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சுருக்கம் இல்ல" என்றார். இன்னொரு சுற்று வந்தார். "ஒட்டும் இல்ல. எங்கய்யா ஒட்டினான், படுபாவி?" அது திட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் எழுந்து தலைத்துணியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தொண்ணூறு வருஷத்துச் சாமான்" என்றார் சூப்பர்வைசர். "ஏதோ பழைய கப்பல் கம்பெனி ஆபீஸ்ல கிடந்துதாம். வாங்கினவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னா, தோலை மாத்தக் கூடாது. நூல் மட்டும்தான் இத்துப் போச்சு, அதை உருவிட்டுப் புது நூல் போடணும். ஆனா புதுசா ஒரே ஒரு துளைகூட விழக் கூடாது. பழைய துளை ஒவ்வொண்ணுலயும் ஊசி போகணும். ஒரு நாற்காலிக்கு எழுநூத்துச் சொச்சம் துளை. தோல்ல போட்ட துளை போட்டதுதான், ஆறவே ஆறாது. ஊசியக்கா, எங்க இருக்கீங்க? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தைக்கணும், சொல்லிட்டேன்."

பக்கத்தில் நின்ற கத்தரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. தோல் வெட்டும் மேசையில் அவள் கை ஓடும் வேகத்துக்குக் கிடைத்த பெயர் கத்தரி. ஊசியக்கா அவள் இடுப்பில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

ஊசியக்கா அப்போது நாற்காலியைப் பார்க்காமல் சுவரில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தால்தான் அவளுக்கு நாற்காலி தெரியும். ஒன்றரை வருஷமாக இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு புகை. எதை நேராகப் பார்த்தாலும் அது அந்தப் புகைக்குள் போய்விடும். ஓரத்தில் இருப்பது மட்டும் தப்பிக்கும். ஆட்களின் முகம் தெரிய வேண்டுமானால் காதைப் பார்த்துப் பேச வேண்டும். நடக்கலாம், சமைக்கலாம், பஸ் ஏறலாம். ஊசியில் நூல் கோக்க முடியாது. இதற்குக் கண்ணாடியும் உதவாது, அறுவையும் கிடையாது, ஆனால் முழுக்க இருட்டிப் போகாது என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசி விஷயத்தை அவர் நல்ல செய்தியாகச் சொன்னார்.

பட்டறையில் இதைத் தெரிந்தவள் கத்தரி ஒருத்திதான். தினமும் கால்மணி நேரம் முன்னால் வந்து, மெழுகு பூசிய நூலை ஒரே அளவாக முப்பது துண்டு வெட்டி, ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி கோத்து, பழைய பஞ்சுக் கட்டையில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவாள். காதும் காதும் வைத்தமாதிரி நடக்கும் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை பட்டறைக்கே வந்து கண் சோதிப்பார்கள். அதற்கும் ஊசியக்கா ஒரு வழி வைத்திருந்தாள். வரிசையில் கடைசி ஆளாக நின்று, முன்னால் போகிறவர்கள் கத்திப் படிக்கும் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொள்வாள். போன தடவை எல்லோரும் தடுமாறிய கடைசி வரியைக்கூட ஒப்பித்துவிட்டாள். சோதிக்க வந்தவர், "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா!" என்று மூக்கின்மேல் விரல் வைத்தார். கத்தரி அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் சிரித்தாள். ஊசியக்காவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

ஏனென்றால் வேலை போனால் அட்டை போகும். பட்டறை கொடுத்த மருத்துவ அட்டை. அதில் அவள் பெயருக்குக் கீழே, 'சார்ந்தவர்' என்ற இடத்தில் அவள் கணவர் பெயர் இருந்தது. இதே பட்டறையின் பின்கொட்டகையில் குரோம் தொட்டிமேல் குனிந்து இருபத்திரண்டு வருஷம் குழாய்களுக்கு மினுமினுப்பு ஏற்றியவர். மினுமினுப்பு குழாய்க்குப் போயிற்று, புகை நெஞ்சுக்குப் போயிற்று. இப்போது வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுயர சிலிண்டர் ஒன்று நின்றது. வாரத்துக்கு ஒரு முறை அந்த அட்டையைக் காட்டித்தான் அது மாறும். அவர் வேலையை விட்ட அன்றே அவருடைய சொந்த அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இருப்பது இவளுடையது ஒன்றுதான்.

முதல் நாள் அவள் நான்கு விரற்கடை தைத்தாள். பிரித்தாள். மறுபடி தைத்துப் பார்த்தாள். துளைக்குள் ஊசி போகிறது, நூல் படுக்க மாட்டேன் என்கிறது. தையல் கயிறு முறுக்கியதுபோல் எழும்பி நின்றது. மூன்றாவது தடவையும் பிரித்துப் போட்டுவிட்டு, மர இடுக்கியில் பிடித்திருந்த தோல் விளிம்பைச் சும்மா விரலால் தடவிக்கொண்டிருந்தாள். துளைகள் வட்டமாக இல்லை. ஒவ்வொன்றும் சாய்ந்த சின்னக் கீறல். அவள் குத்தூசியால் குத்தினால் கீறல் வலப்பக்கம் சாயும். இவை இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"ஏய் கத்தரி" என்று மெல்லக் கூப்பிட்டாள். "இதைத் தச்சவங்க இடக்கைக்காரங்கடி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? கூட வேலை பார்த்தீங்களா?"

"தொட்டுப் பாரு."

கத்தரி தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா" என்றாள், குரல் இறங்கி.

ஊசியக்கா ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டாள். வலக்கை செய்கிற வேலையை இடக்கைக்குக் கொடுத்து, இடக்கையினுடையதை வலக்கைக்குக் கொடுத்தாள். முதல் பத்துத் தையல் வரும்வரை உயிர் போயிற்று. இடதுகை சுண்டுவிரல் யாருடையதோ மாதிரி நடந்துகொண்டது. பதினொன்றாவதில் நூல் சட்டென்று படுத்தது. பன்னிரண்டாவதும் அப்படியே. விரலால் தடவினாள். துளைக்குத் துளை, சாய்வுக்குச் சாய்வு, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போகிறதுபோல் போயிற்று. 

அதன்பிறகு அவள் தைத்ததைவிடத் தடவியதுதான் அதிகம். சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, பூனைக்குட்டியா வளர்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி வந்த நாளிலிருந்து அவருக்கு இதே வேலை. மூக்கில் குழாய் இருந்ததால் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துத்தான் பேசுவார்.

"சொல்லு. குழாய்ல... பூச்சு எப்படி இருக்கு? உரிஞ்சிருக்கா?"

"ஒரு இடத்துலகூட உரியலீங்க."

"வெள்ளையா மின்னுதா... கொஞ்சம் மஞ்சளோட மின்னுதா?"

"எனக்கு எங்க தெரியும் நிறம்? லேசா மஞ்சளடிக்குதுன்னு குழாய்க்காரர் சொன்னாரு, நம்ம குரோம் மாதிரி நீலம் பாயலையாம்."

"அப்போ நிக்கல்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தொண்ணூறு வருஷமா... உரியாம. அப்போ அதுக்கு முன்னால எத்தனை நாள்... குழாயைத் தேய்ச்சிருப்பான்! எங்களுக்கு அரைநாள் குடுப்பாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன் நெஞ்சு... எப்படி இருந்துதோ."

"சும்மா இருங்க. என் ஆளைப் பத்திக் கேளுங்க."

"ஓ, உன் ஆளா? சரிதான். நான் இங்க மூச்சுக்கு... அல்லாடிக்கிட்டிருக்கேன், இவளுக்கு... புது ஆளு."

"இடக்கைக்காரங்க. ஆணோ பொண்ணோ தெரியல. இருபது துளைக்கு ஒரு தடவை ஒரு துளை மட்டும் மயிரிழை தள்ளி விழுந்திருக்கு. ஏன் சொல்லுங்க? இடுக்கியைத் தளர்த்தித் தோலை நகர்த்தி மறுபடி முறுக்கியிருக்காங்க. அப்போ அவங்க இடுக்கியும் என் இடுக்கியும் ஒரே அகலம்!"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு மாதமாக இவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

ஆறாம் நாள் இன்னொன்று அகப்பட்டது. முதுகு மெத்தையின் நீள விளிம்பில் பாதி தூரம்வரை துளைகள் ஒரே சீராக வந்தன. பிறகு நெருங்கத் தொடங்கின. ஆழமும் குறைந்தது, குத்தூசியை அழுத்திய கை ஓய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இருபதுக்கு ஒரு தடவை நின்றவர் பதினைந்துக்கு நின்றார், பிறகு பத்துக்கு, பிறகு ஏழுக்கு. அப்புறம் ஒரு துளை. அதற்கு அடுத்ததிலிருந்து மறுபடி பழையபடி ஆழம், பழையபடி சீர், இருபதுக்கு ஒன்று.

அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஊசியக்கா அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். இங்கேதான் நிறுத்திவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை வந்து அடுத்த துளையைப் போட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பேசிய பாஷை தெரியாது. கை வலித்த இடம் மட்டும் தெரிகிறது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது. கத்தரி பதறிப்போய், "என்னக்கா, ஊசி குத்திடுச்சா?" என்று கேட்டாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. தைத்து முடித்த இருக்கையில் தைத்தவர்தான் முதலில் உட்கார வேண்டும். தையல் விட்டால் அவரே விழட்டும் என்பது ஏற்பாடு. முதல் நாற்காலியைக் கட்டி முடித்த அன்று எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஊசியக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பின்னங்கால் இல்ல, பாத்து" என்றார் குழாய்க்காரர். "மல்லாந்துட்டீங்கன்னா நாங்க பொறுப்பில்ல."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவள் எடையை வாங்கிக்கொண்டு மெல்லக் கீழே தணிந்தது. தணிந்து, ஒரு நொடி நின்று, கொஞ்சமே கொஞ்சம் மேலே வந்தது. பின்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில் அவள் முதுகு சாய்ந்திருந்தது. முப்பத்தொரு வருஷமாக முதுகில்லாத முக்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் உட்காருவதற்குத் தைத்தவள் அவள். இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒவ்வொரு கணுவாக வலி கழன்றுகொண்டு போவது தெரிந்தது. இப்படி ஒன்றை ஒரு மனிதர் நினைத்திருக்கிறார், இன்னொருவர் வளைத்திருக்கிறார், இன்னொருவர் தைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே தோலின் முன்விளிம்பைத் தடவினாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"ஏந்திக்கிட்டிருக்குடி" என்றாள். 

முதலாளி மேலே கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தது அப்போதுதான். தையல்மேல் பூதக்கண்ணாடியை ஓட்டி, பழைய துளை ஒன்றுகூடத் தப்பவில்லை, புதுத் துளை ஒன்றுகூட விழவில்லை என்று கண்டுகொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த நாற்காலியைப் பார்த்தால் அவருக்கும் பேச்சு நின்றுவிடும். "அம்மா, இதைப் படம் எடுத்தே ஆகணும்" என்றார். "உலகம் பார்க்கட்டும்."

ஒரு வாரம் கழித்துக் கேமராக்காரப் பெண் ஒருத்தி இரண்டு பெரிய விளக்குகளோடு வந்தாள். ஊசியக்கா இரண்டாவது நாற்காலியின் கடைசி விளிம்பில் இருந்தாள். காலையிலேயே கத்தரி சொல்லி வைத்திருந்தாள். "எது கேட்டாலும் 'பழக்கம்தாங்க'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. புரியுதா? பழக்கம். அவ்வளவுதான்."

"சரிடி."

விளக்கின் சூட்டில் மெழுகு நூல் பிசுபிசுத்தது. முதலாளி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டறை முழுவதும் பின்னால் கூடியிருந்தது. கேமராக்காரப் பெண் குனிந்து, துளைகளைப் பார்த்து உதட்டைக் குவித்தாள்.

"அம்மா, இவ்வளவு பொடித் துளை உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

பழக்கம்தாங்க. அந்த வார்த்தை ஊசியக்காவின் நாக்குவரை வந்தது. ஆனால் பதினைந்து நாள் ஆச்சரியம் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்பதற்கு வீட்டில் மூச்சுத் திணறும் ஒரு மனிதரைத் தவிர யாரும் இல்லை. இங்கே முப்பது பேர் நிற்கிறார்கள், கேட்கத் தயாராக.

"கண்ணால பார்க்க என்ன இருக்கு, கண்ணு?" என்றாள். "விரலுக்குத் தெரியும். இங்க கையைக் குடு. தெரியுதா? இப்படிச் சாயுது பாரு. இடக்கைக்காரங்க. இதோ, இந்த இடத்துல அவங்களுக்குக் கை வலிச்சுது. இங்க நிறுத்திட்டாங்க. இது மறுநாள் காலையில போட்டது. எல்லாம் எழுதி வெச்ச மாதிரி இருக்கு. நான் தைக்கலம்மா, அவங்க முன்னால போறாங்க, நான் பின்னாலயே போறேன். இதுக்குக் கண்ணு எதுக்கு?"

சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கத்தரி பின்னாலிருந்து முதுகில் கிள்ளியது உறைக்கவில்லை. இடக்கை முதலில் போயிற்று, வலக்கை எதிரே வந்தது, நூல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விசுக்கென்று இறுகியது. ஒன்று. இரண்டு.  மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது தையலை இழுத்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது குழாய்க்காரர்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எங்க பொக்கிஷம்மா" என்றார்.

கத்தரி மட்டும் தட்டவில்லை. "கெடுத்தீங்களேக்கா" என்று அவள் காதோரம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஊசியக்கா கணவரிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அவரும் மூச்சு விட்டு விட்டுச் சிரித்தார். "முப்பது பேர் முன்னால... கண்ணை மூடிக்கிட்டு! உனக்குக் கொழுப்புடி." சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கச் சிலிண்டரின் திருகைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது.

முதலாளி அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார். அப்படிக் காட்டிய இடங்களில் ஒன்று பட்டறைக்குக் காப்பீடு தரும் அலுவலகம். அங்கே ஒருவர் படத்தை இரண்டாம் தடவை போடச் சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடுவதற்கு முன்னால் அந்த அம்மா கேள்வி கேட்ட பெண்ணின் காதையே பார்த்துப் பேசுவது ஏன் என்று கேட்டார்.

பத்து நாள் கழித்து சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "முதலாளி உங்க கண்ணை ஒரு தடவை வெளியில காட்டிட்டு வரச் சொன்னாருக்கா. சும்மா ஒரு பேச்சுக்குத்தான்." அவர் காதைப் பார்த்தாள். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் எழுத்துகள் இல்லை. வாய் திறந்த வளையங்கள்தான் இருந்தன. திறப்பு மேலேயா கீழேயா, இடமா வலமா என்று சொல்ல வேண்டும். முன்னால் வரிசையில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டார்கள். அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "மேல" என்றாள். "எதைம்மா சொல்றீங்க? நான் இன்னும் காட்டவே இல்லையே" என்றது குரல்.

கண்ணாடி அறைக்குள் ஊசியக்கா போனது அதுதான் முதல் தடவை. முதலாளி எழுந்து நின்று உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"தையல்ல குறை ஏதும் இருக்குதுங்களா?"

"ஐயோ, குறையே இல்லம்மா. வாங்கினவங்க படத்தைப் பார்த்துட்டுக் கடிதம் எழுதியிருக்காங்க. இப்படி ஒரு வேலை பார்த்ததே இல்லைன்னு."

"துளை ஏதும் தப்பிடுச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் என்னங்க?"

"கண்ணும்மா..." அவர் மேசைமேல் இருந்த காகிதத்தை நகர்த்தினார். "கத்தி, ஊசி, மெஷின் இருக்கிற இடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா காப்பீடு கைவிரிச்சிடும். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"இத்தனை நாளும் இதே கண்ணோடதானேங்க தச்சேன்?"

"அது எனக்குத் தெரியாதே" என்றார் அவர். பொய் இல்லை.

"வேலை போனாப் போகட்டுங்க. அட்டையை மட்டும் விட்டு வைங்க. அவருக்கு மூச்சு அதுலதான் ஓடுது. உங்க தொட்டியில நின்னவர்தாங்க." அவள் குரல் உடைந்தது. உடைய விடக் கூடாது என்று வரும்போது வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

முதலாளி அந்தக் காகிதத்தை மறுபடி நேராக நகர்த்தி வைத்தார். "அட்டை வேலைக்காரங்களுக்குத்தானேம்மா" என்றார் கடைசியில். "என் கைக்காசு கொஞ்சம் தரேன், ஒரு மாசம் ரெண்டு மாசம் தாங்கும்."

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் சொன்னாள். அவர் கையை நீட்டி சிலிண்டரின் திருகைத் தடவி, முள் நகரும்வரை குறைத்து வைத்தார். "இப்பவே... குறைச்சுப் பழகிக்கறேன்" என்றார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டுத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். அவர் மறுபடி குறைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வரச் சொல்லியிருந்தார்கள். பின்வாசலில் அவள் பெயர் இப்போது இல்லை என்று காவலாளி சங்கடத்தோடு சொன்னார். வாடிக்கையாளர் வரும் முன்வாசல் வழியாகப் போகச் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, தரை செருப்பைச் சறுக்கியது. வாங்கினவர்களுக்கு அனுப்பக் கப்பலுக்குக் காத்திருந்த இரண்டு நாற்காலிகளையும் நடுவில் ஒரு மேடைமேல் போட்டு, கீழேயிருந்து விளக்கு அடித்திருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஓரக்கண்ணில் குழாய் வெள்ளிக் கோடாக எழுந்து வளைந்தது. தரையில் படுத்த குழாய் மேலே எழுவது முன்பக்கம் மட்டும்தான். மற்றதெல்லாம் காற்றில் நின்றது. இத்தனை நாள் மடியில் போட்டுத் தைத்த பிறகும் அவளுக்கு அது ஆச்சரியமாகவே இருந்தது.

அவள் பார்த்துத் திரும்பிய சுவரில் பெரிய திரை ஒன்று ஒளிர்ந்தது. நடுவில் புகை. ஓரத்தில் நரைத்த தலைமுடி தெரிந்தது. குரல் அவளுடையது. "நான் தைக்கலம்மா, அவங்க முன்னால போறாங்க, நான் பின்னாலயே போறேன்."

திரை முன்னால் ஒரு கணவன் மனைவி நின்றிருந்தார்கள். "கண்ணை மூடிக்கிட்டுத் தைக்கறாங்க, பாருங்களேன்!" என்றாள் மனைவி. நாற்காலிகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த வரவேற்புப் பெண் குரலைத் தாழ்த்திப் பெருமையாகச் சொன்னாள். "எங்க மூத்த தையற்காரம்மா. இங்கிருந்து போற ஒவ்வொரு நாற்காலியும் இவங்க கை பட்டுத்தான் போகும்."

"நேர்ல பார்க்க முடியுமா?"

"அவங்க உள்ள வேலையா இருப்பாங்க" என்றாள் அந்தப் பெண், ஊசியக்காவைத் தாண்டி நடந்தபடி.

மூலை மேசையில் குமாஸ்தா அட்டையை வாங்கி எண்ணைச் சரிபார்த்தார். ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "'பார்வைக் குறைபாட்டின் காரணமாகத் தையல் பணிக்குத் தகுதியற்றவர். இப்பணியை இவரால் செய்ய இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். கீழ கோட்டுல கையெழுத்துப் போடுங்க."

அவள் காகிதத்தின்மேல் விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். அச்சடித்த கோடு. விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை, வழவழவென்று போயிற்று.

"கோடு எங்கங்க இருக்கு?"

"கண்ணு முன்னாலதானே..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் விரலைப் பிடித்து இழுத்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தார். பேனாவை வாங்கி, அவள் மெதுவாகப் பெயரை எழுதத் தொடங்கினாள். சுவரில் ஆறாவது தையல் இறுகியது. திரைக்குள் குழாய்க்காரர் கை தட்டினார், பிறகு பட்டறையே தட்டியது. முன்னால் நின்ற அந்தக் கணவனும் மனைவியும் தங்களை அறியாமல் சேர்ந்து தட்டினார்கள்.